விறாந்தை அலங்காரமும் என் மரண அறிவித்தலும்

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ
18.05.2006

வடதிசைத் தமிழ் வானொலியின் அறிவித்தல் பகுதி ஆசிரியர் அவர்களுக்கு,

பெருமதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தினரும் நிலையப் பணியாளர்களும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். இங்கு நானும் நலம். இந்த வரியை ஐம்பது வருடமாக யோசிக்காமல் எழுதி வந்திருக்கிறேன். இன்றுதான் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டிய நிலை வந்திருக்கிறது. நேற்று, மே பதினேழாம் திகதி, இந்நாட்டின் தேசிய தினத்தன்று, நண்பகல் ஒலிபரப்பில் காலமாகிவிட்டதாகத் தாங்கள் வாசித்த "ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் தர்மலிங்கம்" அடியேன்தான்.

தங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வாசித்த பிள்ளையின் உச்சரிப்பு மிகவும் நன்றாக இருந்தது. ஆனால் நாளை வெள்ளிக்கிழமை மாலை ஒலிபரப்பில் ஒரு மறுப்பைத் தயவுசெய்து வாசிக்க வேண்டும். நாட்டின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில், மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் தம்பி ஜெயரத்தினம் சனிக்கிழமை காலை என் செத்தவீட்டுக்கென்று விமானம் ஏறுகிறான். பதினொரு வருடமாக என்னோடு கதைக்காதவன். மூன்று விமானம் மாறி வந்து கதவைத் தட்டும்போது நானே போய்த் திறந்தால் அவன் முகத்தில் எப்படி விழிப்பேன்? அவன் புறப்படும் முன் உண்மை அவன் காதில் விழ வேண்டும். தங்கள் ஒலிபரப்பை அவன் இணையத்தில் ஒரு நாளும் தவறாமல் கேட்பவன். அவனை எட்ட எனக்கு வேறு வழி இல்லை.

இது எப்படி நடந்ததென்று தாங்கள் கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பிழை முழுவதும் என்னுடையது. எங்கள் வீடு கீழ்த்தளத்தில், இரயில் நிலையத்துக்குப் போகும் நடைபாதையை ஒட்டி இருக்கிறது. முன்னால் ஆறடி நீளத்தில் ஒரு விறாந்தை. இவ்வருடம் குடியிருப்போர் சங்கம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: தேசிய தினத்துக்கு எல்லோரும் விறாந்தைகளை அலங்கரிக்க வேண்டும், ஆனால் அடக்கமாகவும் வீட்டு இதத்தோடும். நான் புவியியல் படிப்பித்தவன். அடக்கத்துக்கு அளவு தெரியாததால் முதலில் தாளில் வரைபடம் கீறி, இந்நாட்டுக் கொடி நிறத்தில் சிவப்பும் நீலமுமாக நாடா வாங்கிக் கட்டிவிட்டு, பக்கத்து வீட்டு இங்கெர் அம்மையாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நல்ல மனுசி. தலையை ஒரு பக்கம் சாய்த்து, "கொஞ்சம் கூடிப்போச்சுதோ?" என்று தம் நோர்வே பாஷையில் மெல்லக் கேட்டார். அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. சிவப்பைக் கழற்றினேன். பிறகு நீலம் மட்டும் தனியே என்ன செய்கிறது என்று அதையும் கழற்றினேன். மிஞ்சியது கம்பிவேலியில் நான் முதலில் விரித்திருந்த வெள்ளைத் துணி.

வெறும் வெள்ளையாக இருக்கிறதே என்று தோரணம் செய்தேன். தென்னங்குருத்துக்கு இங்கே எங்கே போவது? இளமஞ்சள் கடதாசியைக் கீறி மடித்தேன். தோரண மடிப்பின் நுனியான குருவித்தலை நல்ல காரியத்துக்கு மேல்நோக்க வேண்டும், துக்கத்துக்குக் கீழ்நோக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா என்று நினைக்க வேண்டாம். தெரியும். முதலில் மேல்நோக்கித்தான் கட்டினேன். கடதாசி பாரம் தாங்காமல் எல்லாத் தலையும் கவிழ்ந்தன. மூன்று தடவை நிமிர்த்தினேன், மூன்று தடவையும் கவிழ்ந்தன. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது, என் அழிவுக்கு அதுதான் முதற்காரணம்: தலைகுனிந்திருப்பதும் ஓர் அடக்கம்தானே. அத்தோடு அந்த விதி ஓலைக்கு ஏற்பட்டது, கடதாசிக்குப் பொருந்தாது என்றும் எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

கொடியையும் அப்படியே. உச்சிவரை ஏற்றினால், வந்தேறிகளுக்கு இவ்வளவு எடுப்போ என்று யாராவது நினைக்கக்கூடும் என்ற பயத்தில் கம்பத்தின் பாதியில் நிறுத்தினேன். குத்துவிளக்குக்கு ஐந்து திரி அதிகமென்று ஒரு திரி போட்டேன். இங்கெர் அம்மையார் போகிற போக்கில், "உங்களுடைய சொந்தப் பொருள் ஏதாவது ஒன்றும் வையுங்கள், அதுதான் இதம்" என்று சொல்லியிருந்தார். ஆகவே எனக்குக் குடியுரிமை கிடைத்த அன்று சிறு கொடியோடு எடுத்த படத்தைச் சட்டத்தோடு விளக்கருகே வைத்தேன். தேசப்பற்றும் சொந்தமும் ஒன்றாகிறதல்லவா? காற்றுக்கு விழுந்துவிடும் என்று என் மனைவி சிவநாயகி, பேத்தி கம்சிகா பள்ளிக்கூடத்தில் செய்த கடதாசி மாலையைப் படத்தைச் சுற்றிப் போட்டு ஆணியில் கட்டினாள். பிறகு அவள் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள், பேத்தியின் பள்ளிக்கூட ஊர்வலம் பார்க்க. முதுகு பிடித்துக்கொண்டதால் நான் வீட்டிலேயே நின்றேன்.

ஐயா, வெள்ளைத் துணி, கவிழ்ந்த தோரணம், ஒற்றைத் திரி, மாலை போட்ட என் படம். இவற்றை ஒன்றாக எழுதிப் பார்க்கும்போது எனக்கே அழுகை வருகிறது. ஆனால் அன்று காலை நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இரயில் நிலையத்துக்குப் போன தமிழாட்கள் ஒவ்வொருவராக எங்கள் வீட்டு முன்னால் நின்றார்கள். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்கள். மேல்மாடி வரதராசா தொப்பியைக் கழற்றி, கண்ணை மூடி, ஒரு நிமிடம் அசையாமல் நின்றார். எங்கள் ஆட்களுக்கு இந்த நாட்டின் மேல் இவ்வளவு பக்தியா என்று நான் மெய்சிலிர்த்தேன். அவர் இரயில் நிலையத்தில் நின்றபடியே தங்களுக்குத் தொலைபேசி எடுத்து அறிவித்தல் கொடுத்தது எனக்குப் பிறகுதான் தெரியும். "செத்தவீட்டுக்காரருக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாது எண்டு நானே எல்லாம் சொல்லிக் குடுத்தனான், அண்ணை," என்று நேற்று மாலை என்னிடமே சொன்னார். நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது?

ஒன்பது மணிக்கு இங்கெர் அம்மையார் கேக்கோடு வந்து, என்னைக் கட்டிப்பிடித்து அனுதாபம் தெரிவித்தார். தமிழாட்கள் செத்தது நான் என்று நினைத்தார்கள், அவர் சிவநாயகி என்று நினைத்திருக்கிறார். நானோ அவர் பக்கத்தில் யாரோ தவறிவிட்டார்கள் போலும், துக்கத்தில் என்னிடம் வந்திருக்கிறார் என்று எண்ணி, நானும் அவருக்கு அனுதாபம் தெரிவித்தேன். இருவரும் மாறி மாறித் தேற்றிக்கொண்டோம். கடைசியில் அவர்தான் கொடியைக் காட்டினார். பாதியில் நின்றால் இந்த வீட்டில் ஒரு சாவு என்று பொருளாம். ஓடிப்போய் ஏற்றினேன். தோரணம் நினைவுக்கே வரவில்லை.

நண்பகலில் வானொலியைப் போட்டேன். என் பெயர் வந்தது. ஐயா, உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்த எண்ணம், இது பிழையென்று அல்ல. இவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறார்களே, ஒருவேளை நான்தான் எதையாவது கவனிக்காமல் விட்டேனோ என்பதே. பிறகு நாடி பிடித்துப் பார்த்தேன். இருந்தது.

ஒரு மணிக்கு, விடியவே எங்கள் விறாந்தையைக் கண்டிருந்த அயல்வீட்டுப் புஷ்பராணி அக்கா, செத்தவீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதென்று, சோறும் மரக்கறியும் சட்டியோடு கொண்டு வந்தார். கதவைத் திறந்த என்னைக் கண்டதும் சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அப்ப ஆர் செத்தது?"

"ஒருத்தரும் இல்லை அக்கா."

"பிறகேன் வெள்ளை கட்டினனியள்?"

"பதினேழாம் திகதிக்கு."

"ஐயோ, விடியத்தொடக்கம் ஆறு கறி வைச்சனான்," என்றார். ஏமாற்றம் அவர் குரலில் நன்றாகத் தெரிந்தது. சட்டியைத் தந்துவிட்டுத்தான் போனார்.

அவர் போய்ச் சிறிது நேரத்தில் தொலைபேசி அடித்தது. இதைத்தான் நான் எப்படி எழுதுவதென்று காலையிலிருந்து தெரியாமல் இருக்கிறேன்.

"ஆர், மருமகனோ? நான் ஜெயம் கதைக்கிறன், பாட்ஸ்பியோர்ட்டிலை இருந்து. அறிவித்தல் கேட்டனான்." என் குரலை என் மருமகனுடையதென்று நினைத்துவிட்டான். அழுதுகொண்டிருந்தான். "என்ரை பேரை வாசிச்சவை. சகோதரர் எண்டு முதலாவதா வாசிச்சவை, தம்பி." மூக்கை உறிஞ்சினான். "சனிக்கிழமை வாறன். நான் வருமட்டும் பிரேதம் எடுக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அண்ணையின்ரை முகத்தைப் பாக்க வேணும்."

தாங்கள் இதைப் புரிந்துகொள்ள, தொண்ணூற்றைந்தில் என் மகள் சிறிதேவிக்குக் கல்யாணம் நடந்ததையும் சொல்ல வேண்டும். அழைப்பிதழை மூன்று தடவை மெய்ப்புப் பார்த்தவன் நான். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. என் தம்பியின் பெயர்தான் இல்லை. நானூறு அட்டையும் போய்ச் சேர்ந்த பிறகு அவன் தொலைபேசியில் சொன்னான்: "உங்கடை செத்தவீட்டுக்கும் வரமாட்டன், அண்ணை." அதன் பிறகு நான் எழுதிய மன்னிப்புக் கடிதங்கள் பதினான்கு. சொற்கள் சரியில்லை என்று ஒன்றையும் அனுப்பவில்லை.

அப்படிப்பட்டவன் நேற்று என் காதுக்குள் அழுதபோது, நான்தான் அண்ணன் என்று சொல்ல வாயைத் திறந்தேன் ஐயா. வந்தது, "ஓம். நீங்கள் வருமட்டும் எடுக்க மாட்டம்," என்பதுதான். அவன் வைத்துவிட்டான். அவன் வீட்டுத் தொலைபேசி இலக்கம் என்னிடம் இல்லை. இன்று தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்தேன், அண்ணனின் இறுதிக்கிரியைக்கு விடுமுறை எடுத்துப் போய்விட்டார் என்று சொல்லி, எனக்கும் அனுதாபம் தெரிவித்தார்கள். தங்கள் நிலையத்துக்கும் எடுத்தேன். "மரண அறிவித்தலாயின் இறந்தவருடைய பெயரைத் தெளிவாகக் கூறவும்" என்றது பதிவுக் குரல். பதற்றத்தில் என் பெயரைத் தெளிவாகக் கூறிவிட்டு வைத்துவிட்டேன். அது இரண்டாவது அறிவித்தலாக வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும்.

ஆகவே, தர்மலிங்கம் என்பவர் உயிருடன் உள்ளார் என்று நாளை மாலை வாசித்து உதவுவீர்களென நம்புகிறேன். வசதிப்பட்டால், நான் அதிபர் அல்ல, உப அதிபர் மட்டுமே என்பதையும், வயது எழுபத்திரண்டே அன்றி எழுபத்து நான்கு அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளவும். பழைய மாணவர்கள் கேட்டால் நானே பட்டம் சூட்டிக்கொண்டேன் என்று நினைப்பார்கள். அறிவித்தலில் பிழையில்லாமல் இருந்தது என் தம்பியின் பெயர் ஒன்றுதான்.

தங்கள் நிலையம் நீடூழி வாழ்க. தங்கள் வீட்டில் நல்ல அறிவித்தல்களே நிகழ்க.

இங்ஙனம், இன்னும் உள்ள,
தர்மலிங்கம்

பி.கு.: கடிதத்தை உறையிலிட முன் சிவநாயகி வாங்கி வாசித்தாள். இரண்டு தடவை வாசித்தாள். பிறகு, "உயிரோடை இருக்கிறதுக்கு உங்களுக்கு இப்ப என்ன அவ்வளவு அவசரம்? சனிக்கிழமை மட்டும் பொறுங்கோவன்," என்றாள். யோசித்துப் பார்த்தேன். ஆகவே மேற்கண்டவற்றைப் பொருட்படுத்த வேண்டாம். மறுப்பைச் சனிக்கிழமை இரவுக்கு முன் எக்காரணம் கொண்டும் வாசிக்க வேண்டாம். முடிந்தால் பழைய அறிவித்தலையே நாளை மாலை இன்னொரு தடவை, சகோதரர் பெயரைச் சற்று நிறுத்தி வாசிக்கவும். அதிபர் என்றே இருக்கட்டும். இன்று காலை கழற்றிய தோரணத்தை மறுபடியும் கட்டியிருக்கிறேன், தலைகீழாகத்தான். யாராவது தங்கள் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று விசாரித்தால், தம்பி வந்த பிறகுதான் என்று சொல்லவும்.