மேக்னம் அண்ணாவும் இடுப்பில் செருகிய மாமியாரும்

ஆம்பூரில் சட்டைக்குள் ரிவால்வரைச் செருகிக்கொண்டு பிரியாணிக் கடைக்குப் போய், கத்திரிக்காய் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கி, ஏப்பம் விட்டுத் திரும்பிய ஒரே மனிதர் எங்கள் மேக்னம் அண்ணாதான். இனி அப்படி ஒருவர் பிறந்து வந்தால்தான் உண்டு. அவரிடம் லைசென்ஸ் கிடையாது, தோட்டா கிடையாது. சொல்லப்போனால் ரிவால்வரே கிடையாது. இருந்ததெல்லாம் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை. ஆனால் அந்தப் பொம்மையைத் தேர்ந்தெடுக்க அவர் பட்ட பாட்டில் பாதியை நாங்கள் பட்டிருந்தால், என் அக்காவுக்கு இன்னும் நல்ல மாப்பிள்ளை அமைந்திருப்பார். அத்தான் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அப்போது நான் ஒடுகத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, ஆம்பூரில் ஒரு தோல் பொருள் ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு வியாபாரிகள் அனுப்பும் மெயில்களைப் படித்துப் பதில் எழுதுவது என் வேலை. அண்ணா சாம்பிள் ரூமுக்குப் பொறுப்பு. பர்ஸோ பெல்ட்டோ, ஆர்டர் பிடிப்பதற்கு முதலில் ஒன்று செய்து அனுப்ப வேண்டும் அல்லவா, அதைச் செய்கிற இடம் அது.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. தான் போட்டுப் பார்க்காத பொருளை ஓகே பண்ண மாட்டார். லேடீஸ் ஹேண்ட்பேக் ஆர்டர் வந்தபோது அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நின்றார். பெண்கள் வரிசையில் போய் நிற்கச் சொல்லி யாரோ கிண்டல் செய்ய, அங்கே கூட்டம் கம்மியாக இருந்ததால் உண்மையிலேயே போய் நின்றுவிட்டார். நாய்க்குப் பட்டை செய்யும் ஆர்டர் வந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் பட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு சாயங்காலம் வரை கழற்றவில்லை. அன்று வீட்டில் அவருக்குச் சோறு போட்டார்களா, வைத்தார்களா என்று நான் கேட்கவில்லை. திங்கள்கிழமை கழுத்தெல்லாம் சிவந்து வந்து நின்றார்.

"அரிக்குது தம்பி. நாயி வாயில்லா ஜீவன், அதுவா வந்து சொல்லும்? உள்ள லைனிங்க மாத்தணும்."

மாற்றினார். அந்த ஆர்டர் அடுத்த வருடமும் வந்தது. அதனால் அவரைப் பார்த்து நாங்கள் சிரிப்போமே தவிர, யாரும் தடுப்பதில்லை.

அமெரிக்காவிலிருந்து அந்தப் பெட்டி வந்த சமயம் ஃபேக்டரிக்கு நேரம் சரியில்லை. பெல்ட் ஆர்டர் குறைந்து மேல்மாடித் தையல் லைன் பாதி நாள் சும்மா இருந்தது. ரம்ஜான் முடிந்து ஒரு மாதத்துக்குள் புது ஆர்டர் வராவிட்டால் அந்த லைனை நிறுத்த வேண்டியிருக்கும் என்று எங்கள் முதலாளி ஹாஜியார் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவர் மேல்மாடிக்குப் போவதையே விட்டுவிட்டார், அங்குள்ள பெண்களின் முகத்தைப் பார்க்க முடியாமல்.

பெட்டியைத் திறந்தால் மூன்று நீலத் துப்பாக்கிகள். செக்யூரிட்டி மேஜைக்கு அடியில் போய்விட்டார். நான் மெயிலைப் படித்துச் சொன்னேன். அந்த ஊரில் லைசென்ஸ் வாங்கி, சட்டைக்குள் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு பால் வாங்கக்கூடப் போவார்களாம். அதற்கு இடுப்பில் செருகும் தோல் உறை வேண்டும். மூன்றும் மேக்னம் வகை, உருவம் சின்னது, குண்டின் வேகம் பெரிது. இதில் தினமும் சுமக்க எது தோது என்று நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு உறை செய்து அனுப்புங்கள். நாள் முழுக்க உறுத்தக் கூடாது, பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக் கூடாது. அவர்கள் கொடுத்த தேதி நம் கணக்கில் ரம்ஜான் முடிந்த இரண்டாம் நாள், அன்று சாம்பிள் கிளம்ப வேண்டும்.

அன்றுதான் அண்ணாவுக்கு மேக்னம் என்று பெயர் வந்தது. அதற்கு முன்பிருந்த பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும்.

அவர் பங்குக்கு மூன்று பொம்மைக்கும் பெயர் வைத்தார். ஆறு குண்டு பிடிக்கும் கனமான எஃகு மாடல், மாமியார். இறகு மாதிரி லேசாக இருந்தது, கொசு. மூன்றாவது ஐந்து குண்டு மாடல், கனமும் நடுத்தரம். மற்ற இரண்டிலும் பின்னால் கொக்கி போல நீட்டிக்கொண்டு சட்டையைப் பிடித்து இழுக்கும் சுத்தி, இதில் உள்ளேயே அடங்கியிருந்தது. அது நல்லபிள்ளை. பிளாஸ்டிக்குக்குக் கனம் போதாது என்று டயர் கடையில் ஈயத் துண்டுகள் வாங்கி வந்து, மெயிலில் இருந்த எடைக்கு உள்ளே அடைத்தார்.

முதலில் கொசு. இடுப்பில் இருப்பதே தெரியவில்லை என்று ஒரு வாரம் புகழ்ந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நற்கருணை வாங்க முழங்கால் போட்டபோது, இடுப்பில் இல்லாததும் அவருக்குத் தெரியவில்லை. சபை முழுக்க மௌனமாக இருக்க, சிமென்ட் தரையில் டொக் என்று சத்தம். சர்ச் போதகர் ஐயர் கவனிக்காத மாதிரி கிண்ணத்தை நீட்டினாராம். ஆராதனை முடிந்ததும் தனியே அழைத்துப்போய், யார் மீது மனஸ்தாபம் என்று வெகு அன்பாக விசாரித்திருக்கிறார்.

அடுத்தது மாமியார். அதன் மீது அண்ணாவுக்கு ஏனோ பிரியம் வந்துவிட்டது. கனம் ஜாஸ்தி இருந்தால் சுடும்போது உதை கம்மி என்று நான் படித்துச் சொன்னதைப் பிடித்துக்கொண்டார்.

"சுடறவன் கை நோவக்கூடாது பாரு."

"அண்ணா, சுடறது அவங்க. நாம சொமக்கறதுக்குத்தானே பாக்கறோம்?"

அவர் கேட்கவில்லை. மாமியாரோடு பஸ் ஏறி, மேலே கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினார். சட்டையும் கூடவே தூக்கிக்கொண்டது. பஸ்ஸில் இருந்த ஒரு போலீஸ்காரர் அவரை அங்கேயே இறக்கிக் கூட்டிப் போய்விட்டார். ஹாஜியார் நேரில் போய் விளக்கம் சொல்லி மீட்டு வந்தார். இனி பொம்மை காம்பவுண்டைத் தாண்டக் கூடாது என்று கறாராக உத்தரவு. அண்ணாவுக்கு அதில் வருத்தமே இல்லை. போலீஸ்காரர் அரை மணி நேரம் தன் உறையைக் கழற்றிக் காட்டி, உட்கார்ந்தால் தொந்தியில் எங்கே இடிக்கும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

அந்த அறிவுரையோடு ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலை நனைத்து, மாமியார் மேல் போர்த்தி, எலும்புத் துண்டால் தேய்த்துத் தேய்த்து அச்சாக உறை செய்தார். அழகான வேலை, அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிகிறதா என்று காம்பவுண்டுக்குள் எப்படிச் சோதிப்பது? அண்ணாவுக்கு அதற்கும் வழி தோன்றியது. ரம்ஜான் வருகிறதே.

எங்கள் ஊர்ப் பக்கம் ரம்ஜான் என்றால் தெரியும்தானே. தொழுகை முடிந்து வந்ததும் எதிர்ப்படுகிறவரையெல்லாம் கட்டிப் பிடித்து வாழ்த்துச் சொல்வார்கள். ஒரு தடவை அல்ல, தோள் மாற்றித் தோள் மூன்று தடவை. ஹாஜியாரின் வீடு ஃபேக்டரி காம்பவுண்டுக்குள்ளேயேதான். நாங்கள் எல்லா மதத்துக்காரர்களும் அங்கே போய், வாழ்த்துச் சொல்லி, சேமியா பாயசம் குடித்து வருவோம். மாமியாரைச் செருகிக்கொண்டு அத்தனை பேரிடமும் தழுவல் வாங்கினால் அதைவிட என்ன சோதனை வேண்டும் என்றார்.

வாங்கினார். ஹாஜியார், அவர் தம்பிகள், மேஸ்திரி, லாரி டிரைவர் என்று ஒருவரையும் விடவில்லை. வாழ்த்திவிட்டு ஒவ்வொருவரின் முகத்தையும் உற்றுப் பார்ப்பார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர்கூட இடுப்பைப் பார்க்கவில்லை. பாயசக் கிண்ணத்தோடு என்னிடம் வந்து, மாமியார் பாஸ், மெயிலை அடித்துவிடு என்றார். மேல்மாடிப் பெண்களும் அங்கேதான் இருந்தார்கள். சகாயமேரி அக்கா, அந்த லைனில் தோல் ஓரத்தைச் சீவுகிறவர், இனி லைன் நிற்காது என்று அண்ணாவின் முகத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஹாஜியார் என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். விலாவைத் தடவிக்கொண்டே உட்காரச் சொன்னார்.

"தம்பி, நேத்து அவன் இடுப்புல இருந்தது ஈரல் வரைக்கும் குத்திச்சு. மூணு தரமும் குத்திச்சு. பெருநாள் அன்னைக்கு, வாழ்த்த வந்தவன்கிட்ட அதை எப்படி சொல்றது? நீ பக்குவமா சொல்லு."

மற்றவர்களை விசாரித்தேன். எல்லோருக்கும் குத்தியிருக்கிறது. லாரி டிரைவர் சட்டையைத் தூக்கி, சிவந்திருந்த இடத்தைக் காட்டினார். நல்ல நாளில் மனதை நோகடிக்கக் கூடாது என்று ஊரே சேர்ந்து வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது.

அண்ணாவிடம் சொன்னபோது அவர் சாம்பிள் மேஜையில் உட்கார்ந்து உறைக்குக் கடைசியாக மெழுகு போட்டுக்கொண்டிருந்தார். துணியைக் கீழே வைத்தார்.

"டிரைவருக்குமா? அவன் என் தோஸ்த்தாச்சே தம்பி."

உறையை எடுத்துத் தன் விலாவிலேயே அழுத்திப் பார்த்தார். எனக்குக் கஷ்டமாக இருந்தது. சாம்பிள் போக ஒரே நாள்தான் பாக்கி. கடைசியில் மாமியாரை உறையிலிருந்து உருவி, பெட்டியில் போட்டு மூடினார். நல்லபிள்ளையை எடுத்தார். அதற்கென்று ஏற்கெனவே அச்சுப் பிடித்துக் காயவைத்திருந்த தோல் ஒன்று இருந்தது. மேல்மாடியிலிருந்து சகாயமேரி அக்காவை வரவழைத்து, ஓரத்தைக் காகிதம் போலச் சீவச் சொன்னார். கைப்பிடி விலாவை நோக்கி நீட்டாமல் முன்பக்கம் சாய்கிற மாதிரி வாரை மாற்றித் தைத்தார். சாயங்காலத்துக்குள் புது உறை தயார். ஆனால் சோதனைக்கு எங்கே போவது? ஊரில் இனி யாரை நம்புவது?

சகாயமேரி அக்காதான் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணா, பிரியமா கட்டிப்புடிக்கிறவங்க உண்மைய சொல்ல மாட்டாங்க. உங்க மேல எப்பவும் கடுப்பா கீறவங்க யாருனா இருந்தா அவங்களப் போய் கட்டிப்புடிங்க."

அண்ணா மெழுகுத் துணியை மடித்து வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "வீட்ல கீறா."

ஹாஜியாரிடம் போய், காம்பவுண்டுக்கு வெளியே போக இந்த ஒரு தடவை மட்டும் அனுமதி கேட்டார். காரணத்தைக் கேட்டதும் ஹாஜியார் தன் காரையே கொடுத்து அனுப்பினார், வழியில் போலீஸ் பிடிக்காமல் இருக்க.

மறுநாள் காலை ஃபேக்டரியே சாம்பிள் ரூம் வாசலில் நின்றது. அண்ணா வந்தார். கன்னத்தில் சின்னதாக ஒரு கீறல் இருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நடந்ததை அவரே சொன்னார்.

வீட்டுக்குள் நுழைந்ததும், அடுப்படியில் இருந்த அண்ணியை நேராகப் போய்க் கட்டிப் பிடித்திருக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் அப்படி ஒரு காரியம் நடந்ததில்லை. அண்ணி பயந்துபோய்க் கரண்டியை வீசியிருக்கிறார், கீறல் அதனால் வந்தது. பிறகு வாயை மோந்து பார்த்தார். குடித்திருக்கவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சலும் இல்லை. சட்டைப் பையைத் துழாவினார், அங்கேயும் ஒன்றுமில்லை. அப்படியானால் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும் என்று முடிவுகட்டிக் கேட்டிருக்கிறார்.

"வேலை போய்டுச்சா?"

"போவலடி," என்றாராம் அண்ணா. அண்ணி நம்பவில்லை. போனால் போகட்டும், நான் இருக்கிறேன் என்று சொல்லி அழுது, இந்தத் தடவை அண்ணியே அவரை இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். சோறு குழைந்து அடிபிடிக்கும் வரை விடவில்லை.

"அப்ப துப்பாக்கி?" என்று கேட்டேன்.

"அது இருந்ததே அவளுக்குத் தெரியாது தம்பி." வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கே மறந்து போச்சு."

நல்லபிள்ளை கூரியரில் ஏறியது. சோதனை எப்படிச் செய்தோம் என்று மெயிலில் ஒரு வரி எழுத வேண்டும். சந்தேகப்படும் மனைவி ஒருவர் கட்டிப் பிடித்துப் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை என்று எழுதினேன். இதைவிடக் கடுமையான சோதனை எங்கள் ஊரிலும் கிடையாது என்று பதில் வந்தது, கூடவே ஆர்டரும். மேல்மாடி லைன் நிற்கவில்லை. ஹாஜியார் ரொம்ப நாளைக்குப் பிறகு படியேறி மேலே போனார்.

அடுத்த வருடம் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கிளம்பிய அன்று அண்ணா கேட் வரை பெட்டியைத் தூக்கி வந்தார். அந்த அமெரிக்க வியாபாரி மாமியாருக்கும் ஓர் உறை கேட்டிருந்தார் என்பது எனக்கு அப்போது நினைவில் இல்லை. கேட்டுக்கு உள்பக்கமே நின்று, ரம்ஜான் மாதிரி தோள் மாற்றித் தோள் மூன்று தடவை கட்டிப் பிடித்தார். மூன்றாவது தடவை விடவே இல்லை. விலாவுக்குக் கீழே மாமியார் நன்றாகக் குத்தினாள்.

"இன்னா தம்பி, எதனா தெரியுதா?" என்று காதோரம் கேட்டார்.

"ஒண்ணும் தெரியலண்ணா."

பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டும் வரை அந்த இடம் வலித்துக்கொண்டே இருந்தது. தேய்த்துவிட எனக்கு மனம் வரவில்லை.