கொச்சி சார் வந்த வண்டி

எதற்குக் கவலைப்படுவது என்பதில் எனக்கு ராசியே கிடையாது. வாசலில் பாம்பு வருமோ என்று பயந்து நிற்பேன். உள்ளே அடுப்பில் பால் பொங்கி வழிந்திருக்கும்.

திருவொற்றியூரில் இறால் உரித்துப் பதப்படுத்தும் சின்னக் கம்பெனி ஒன்றில் மேலாளராகச் சேர்ந்த புதிது. (எம்.பி.ஏ. முடித்த திமிர் வேறு.) கொச்சியிலிருந்து மேத்யூ சார் பார்க்க வருகிறார், அவருக்குப் பிடித்தால் பெரிய ஆர்டர். பிடிக்காவிட்டால் இறால் உரிக்கும் பெண்களில் பாதிப் பேரை நிறுத்த வேண்டியிருக்கும் என்றார் முதலாளி. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று காலை துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் எண்ணூர் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. நடுவில் மேத்யூ சாரின் கார். "எனக்கு பிளைட் இருக்கு. இப்படியே நின்னா திரும்பிடுவேன்" என்றார் போனில். அவரை அழைத்துவர நானே கிளம்பினேன். கிளம்பும்போது மெக்கானிக் தாஸ் அண்ணன், "மேடம், இன்னிக்கு கரண்ட்டு..." என்று ஆரம்பித்தார். "வந்து பேசிக்கலாம்ணே" என்று ஓடினேன்.

சந்துக்குள் புகுந்து போக அங்கே கிடைத்தது எங்களுக்கு ஐஸ் கொண்டுவரும் நாகராஜின் மூன்று சக்கர மீன்பாடி வண்டி மட்டுமே.

"குந்து நைனா, ஒண்ணியும் ஆவாது. கெட்டியா புட்ச்சிக்கோ" என்றார் நாகராஜ்.

இஸ்திரி கலையாத வெள்ளைப் பேண்ட்டோடு மேத்யூ சார் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மீன் தண்ணீர் அவர் முழங்கால்வரை ஏறியது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். எப்படியோ வந்து சேர்ந்தோம். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

உள்ளே ஒரே இருட்டு. தரையெல்லாம் உருகிய ஐஸ். இறால் நாற ஆரம்பித்திருந்தது. கரண்ட் போய் நேரமாகியும் ஜெனரேட்டர் ஓடவில்லை.

"ஏண்ணே போடல?"

"ரூம் சாவி அந்தம்மா கைல கீது மேடம். நான் போய் கெஞ்சணுமா?" என்றார் தாஸ் அண்ணன்.

அந்தம்மா என்பது சூப்பர்வைசர் ரோஸி அக்கா. "வாயத் தொறந்து கேட்டா குடுக்க மாட்டனா? மூஞ்சியத் திருப்பிக்கினு கீறாரு" என்றார்.

ஒரு ஃபேன் தகராறில் இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தது எனக்குத் தெரியும். (தானாகச் சரியாகிவிடும் என்று விட்டிருந்தேன்.)

மேத்யூ சார் பேண்ட்டைப் பிழிந்தபடி, "இதுக்கு என்ன காரணம்?" என்றார்.

பயத்தில் மூளை நின்றுவிட்டது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது மட்டும் வாயில் வந்தது: "ஒரு நிறுவனத்தோட செயல்பாட்டை உட்சூழலும் புறச்சூழலும் பாதிக்கும் சார்."

"ரோட்டை மன்னிச்சிட்டேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆர்டர் வரவில்லை. பெண்கள் பலர் அந்த சீசன் முழுக்க வேலையில்லாமல் இருந்தார்கள்; அவர்களைத் தெருவில் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுவேன். ஜெனரேட்டர் சாவியை வாசல் பக்கம் ஆணியடித்து மாட்டினேன். அதுதான் என் முதல் நிர்வாகச் சீர்திருத்தம்.

கல்யாணத்துக்குப் பிறகு இதைக் கணவரிடம் சொல்லித் தொலைத்தேன். குழம்பில் உப்பு கூடினால் போதும், "இது உட்சூழலா, புறச்சூழலா மேடம்?" என்பார் பவ்வியமாக.

போன வாரம் மகள் கணக்கில் ஃபெயிலாகி வந்தாள். நான் வாயைத் திறக்கும் முன் பையை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "புறச்சூழல்மா."