அவரைப் பந்தலும் பால் சொசைட்டியும்

அவரைக்கொடியில் பூச்சி விழுந்தால் குற்றம் யாருடையது? கொடியினுடையதா, பூச்சியினுடையதா, விதை ஊன்றிய கையினுடையதா? பதிலை மனசுக்குள் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

ஒரு காட்டில் பவுனுத்தாய் என்று ஒரு முயல் குடும்பம் நடத்தி வந்தாள். வளைக்குள்ளே ஒரு கூட்டம் பிள்ளைகள், ஒரு வீட்டுக்காரர். வளைக்கு வெளியே ஒரு அவரைப் பந்தல். இவற்றில் பந்தல் மட்டும்தான் சொன்ன இடத்தில் நிற்கும் என்பதால் அதன்மேல் அவளுக்குப் பிரியம் கொஞ்சம் கூடுதல்.

அவள் வீட்டுக்காரருக்கு அன்னக்காமு என்று ஒரு அக்கா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் வாக்கப்பட்டவள். போன வருஷம் பவுனுத்தாய் வைத்த கத்தரி காய்க்கவில்லை, மிளகாய் முளைக்கவே இல்லை. அந்தச் சேதி எப்படியோ ஆற்றைத் தாண்டிவிட்டது. ஆடி மாசம் தம்பி வீட்டுக்கு வந்த அன்னக்காமு, அவரை விதை ஊன்றிக்கொண்டிருந்த பவுனுத்தாயைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"கைராசின்னு ஒண்ணு இருக்கு பவுனு. அது உனக்கு இல்லை. அந்த விதையை எங்கிட்ட குடுத்துரு. பாவம், அதாச்சும் பொழைக்கட்டும்."

பவுனுத்தாய்க்குக் காது இரண்டும் விறைத்து நின்றன. "மதினி, தைப் பொங்கலுக்கு இந்தக் கொடியில ஒரு கூடை காய் பறிச்சு உங்க கையில குடுக்கல, அப்புறம் நான் செடின்னு ஒண்ணு வைக்கவே மாட்டேன்."

"இப்படிச் சொல்லிட்டுத்தான் கத்தரியும் வச்ச."

"இது அவரை மதினி."

"பொங்கலன்னிக்கு நானே வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு அன்னக்காமு ஆற்றைத் தாண்டிப் போனாள்.

பந்தயம் போட்ட பயத்தில் பவுனுத்தாய் கொடிக்கு எருவை அள்ளி அள்ளிப் போட்டாள். கொடி கல்யாண வீட்டு வாழை மாதிரி தளதளவென்று ஏறியது. கொழுந்தெல்லாம் மெத்து மெத்தென்று இருந்தது. அப்படிப்பட்ட கொழுந்து என்றால் அசுவினிப் பூச்சிக்கு உயிர். மார்கழிப் பனி இறங்கியது, அசுவினியும் இறங்கியது.

அசுவினியைப் பார்த்திருப்பீர்கள். கடுகைவிடச் சின்னதாக, கருகருவென்று, நுனிக் கொழுந்திலும் பூங்கொத்திலும் அப்பிக்கொண்டு நாள் முழுக்கச் சாறு குடிக்கும். இலை சுருளும். தொட்டால் பிசுபிசுக்கும். பூ கொட்டும். பூ கொட்டினால் காய் ஏது? காய் இல்லையென்றால் அன்னக்காமுவின் வாய்க்கு முன்னால் எப்படி நிற்பது?

வீட்டுக்காரர் யோசனை சொன்னார். "கடையில மருந்து பாட்டில் விக்குது. நரி வீட்டுத் தோட்டத்துல அடிச்சாங்க. இப்ப அங்க ஒரு பூச்சி இல்லை."

"ஒரு நரியும் இல்லை, அதைப் பாத்தீங்களா? பல்லு முளைச்ச நாள்லேர்ந்து நம்ம பிள்ளைங்க அந்தக் கொடியைத்தான் மெல்லுதுங்க. விஷத்தை அடிச்சிட்டு எதைத் தூக்கிக்கிட்டு ஓடுவீங்க?"

அவர் மறுபடியும் படுத்துக்கொண்டார்.

பவுனுத்தாய் கொடியைப் படம் எடுத்து, தோட்டக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, என்ன செய்யலாம் என்று கேட்டாள். மயில் காலை வணக்கம் அனுப்பியது. ஆமை மூன்று நாள் கழித்து அதே காலை வணக்கத்தை அனுப்பியது. ஆடு மட்டும் அக்கறையாக, "படத்தில் உள்ள இலை மிக அருமை, வீட்டு முகவரி அனுப்பவும்" என்று எழுதியது. நடுவில் ஒரு கொக்கு, தண்ணீரை வேகமாக அடி, அப்புறம் வேப்பெண்ணெய் என்று சொல்லியிருந்தது. அதை மட்டும் அவள் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் குடத்தோடு பந்தலுக்குப் போனால், அங்கே ஒரு படையே வேலை பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் எறும்பு. ஒவ்வொன்றும் ஒரு குட்டித் தூக்குவாளியோடு கொடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பந்தல் காலில் சாய்ந்துகொண்டு, காதில் பால்மானியைச் செருகியபடி, பால் சொசைட்டிச் செயலாளர் சுருளியாண்டி நின்றிருந்தார். அவர் கட்டெறும்பு.

"அண்ணே, என் பந்தல்ல உங்களுக்கு என்ன வேலை?"

"மெதுவாப் பேசு தாயி. கறவை நேரம். மாடு மிரளும்."

"மாடா?"

ஒரு எறும்பு தன் மீசையால் ஒரு அசுவினியின் முதுகை நைசாகத் தடவிக் கொடுத்தது. அசுவினி கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக ஒரு சொட்டு விட்டது. தேன் மாதிரி ஒரு சொட்டு. எறும்பு அதை வாளியில் பிடித்துக்கொண்டு அடுத்ததன் முதுகுக்குப் போனது.

பவுனுத்தாய் குடத்தைப் பொத்தென்று கீழே வைத்தாள். தினமும் விடியக்காலையில் சொசைட்டி வரிசையில் நின்று, முன்னால் நிற்கும் காட்டெருமையோடு சண்டை போட்டு அவள் வாங்கிவந்த பால் இதுதான்.

"என் கொடிச் சாறை எனக்கே வித்தீங்களா அண்ணே?"

"சாறு உன்னுது. கறந்தது நாங்க. தண்ணி கலந்தது சங்கம். ஆளுக்கொரு பங்கு. இதுல என்ன தப்பு?"

"இத்தனை மாடு எங்கேர்ந்து வந்துச்சு?"

"எங்கேர்ந்தும் வரலை. எல்லாம் இங்கயே பொறந்தது. இதுங்க பொறக்கும்போதே மாசமாப் பொறக்குதுங்க தாயி. ஆம்பளைங்கிற பேச்சே கிடையாது. போன வாரம் பொறந்தது இந்த வாரம் பாட்டி."

பிள்ளை பெறுவதில் முயல் வம்சத்தை யாரும் முந்தினதில்லை என்று பவுனுத்தாய் அதுவரை நினைத்திருந்தாள். அன்றைக்கு அவளுக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

"மாட்டை வேற எங்கயாவது ஓட்டிட்டுப் போயிருங்க அண்ணே. எனக்குப் பொங்கலுக்குக் காய் வேணும்."

"காட்டுக்கே இப்ப இந்த ஒரு தொழுவம்தான். இதை விட்டு மாடு எங்க போகும்?" என்று சுருளியாண்டி சிரித்தார்.

என் பந்தலைத் தொழுவம் என்றா சொன்னாய் என்று அவளுக்கு வந்ததே ஒரு கோபம்! குடத்துத் தண்ணீரை வாய் நிறைய உறிஞ்சி, இலைக்கு அடிப்பக்கமாகப் பார்த்துப் பீய்ச்சி அடித்தாள். மேலே அடித்தால் அசுவினி குளித்துவிட்டுத் தலை துவட்டும். அடியில் அடித்தால்தான் விழும். மாடுகள் கொத்துக் கொத்தாகக் கீழே விழுந்தன. எறும்புகள் "ஐயோ லட்சுமி, ஐயோ லட்சுமி" என்று தேடி ஓடின. ரொம்பச் சுருண்டுபோன நுனிகளைக் கிள்ளிக் குழியில் புதைத்தாள். வெயில் தாழ்ந்ததும் கொஞ்சம் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் நுரைக்க அடித்து, இலை இலையாகத் தெளித்தாள். பந்தல் கால்களிலும் கொடியின் அடியிலும் விளக்கெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றினாள். ஏற வந்த எறும்பெல்லாம் வழுக்கி, வாளியோடு ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன.

காவலுக்கு எறும்பு இல்லை என்று தெரிந்ததும், இத்தனை நாள் கடிக்குப் பயந்து ஒதுங்கியிருந்த பொறிவண்டுகள் வந்தன. சிவப்பு முதுகு, கருப்புப் புள்ளி, பார்க்க அழகு. அவற்றோடு கருப்பாக, முள்ளும் முரடுமாக, முதலையைச் சுருக்கி வைத்தது மாதிரி ஒரு புழுவும் வந்தது. பவுனுத்தாய் செருப்பைக் கழற்றி ஓங்கிவிட்டாள்.

"அடிக்காதீங்க! அது என் பையன்!" என்று கத்தியபடி ஒரு பொறிவண்டு பறந்துவந்து குறுக்கே நின்றது. "அழகு இல்லைன்னு எனக்கே தெரியும். அதுக்காகச் செருப்பா? பெரியவனானா என்னை மாதிரி ஆயிருவான். ஆனா என்னைவிட அவன்தான் நிறையச் சாப்பிடுவான்."

"என்ன சாப்பிடுவான்?"

"உங்க மாட்டை."

பவுனுத்தாய் செருப்பைப் போட்டுக்கொண்டு, பையனை இரண்டு கையாலும் தூக்கி, அசுவினி அதிகமாக இருந்த கொத்தில் உட்கார வைத்தாள். "சங்கோஜப்படாமச் சாப்பிடுப்பா" என்றாள்.

பையன் சங்கோஜமே படவில்லை. அவன் கூடப்பிறந்தவர்களும் படவில்லை. சீக்கிரமே பந்தலில் ஒரு மாடு கிடையாது. பிசுபிசுப்புப் போய், புதுக் கொழுந்து வந்து, பூ கொட்டாமல் நின்று, பிஞ்சு பிடித்தது. ஒரு சொட்டு விஷம் செலவில்லை. பவுனுத்தாய் போகும்போதும் வரும்போதும் பிஞ்சுகளை ஒரு தடவை தடவிவிட்டுப் போனாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் எண்ணெய்த் துணி சுற்றிய மறுநாளிலிருந்தே சொசைட்டியில் பால் இல்லை.

பால் இல்லாததால் கரடி தன் டீக்கடையைச் சாத்தியது. டீக்கடை சாத்தியதும் காடு நின்றுபோனது. யானைக்குத் தலைவலி வந்தது. அந்தத் தலைக்கு எவ்வளவு தைலம் தேவைப்படும் என்று யோசித்து வைத்தியருக்கும் தலைவலி வந்தது. மானைத் துரத்திய புலி பாதி வழியில் உட்கார்ந்துவிட்டது. மானும் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "முடியலைண்ணே, நெத்திப் பொட்டு விண்விண்ணுங்குது" என்றது. குரங்கு கிளைக்குக் கிளை தாவாமல் ஏணி கேட்டது.

எல்லோரும் கூட்டமாகப் பவுனுத்தாய் வாசலுக்கு வந்தார்கள். சிங்கராஜா முன்னால் நின்று, "பவுனுத்தாய்! இது ராஜ கட்டளை" என்று கர்ஜிக்கப் போனார். கர்ஜனை பாதியிலேயே கொட்டாவியாகிவிட்டது. கொட்டாவி முடிந்தபோது கட்டளை என்னவென்று அவருக்கே மறந்துவிட்டது.

"பொங்கல் வரைக்கும் பொறுத்துக்குங்க ராஜா. மதினி வந்து காயைப் பாத்துரட்டும்" என்றாள் பவுனுத்தாய்.

"உன் மதினிக்காகக் காடே படுக்கணுமா?" என்று கரடி கேட்டது.

"எங்க மதினியை உங்களுக்குத் தெரியாது" என்றாள் அவள். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "அது உண்மைதான்" என்றார்.

பொங்கலும் வந்தது. விடிந்ததும் விடியாததுமாகப் பவுனுத்தாய் காயைப் பறித்தாள். பச்சைப் பசேலென்று, ஓரத்தில் லேசாக ஊதா ஓடிய, பூச்சி படாத அவரைக்காய். கூடை நிறைந்து, மேலே கோபுரம் கட்டி நின்றது. அவள் புதுச்சேலை கட்டி, கூடையை வாசலில் கோலத்துக்கு நடுவே வைத்து, பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அன்னக்காமு வந்தாள். தலையில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"மதினி, பாருங்க. கூடை நிறைய. நான் சொன்னேன்ல?"

"ம்ம். நல்லாருக்கு. ஓரமா எடுத்து வை, கால்ல தட்டுது" என்று கூடையைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள் அன்னக்காமு. "முதல்ல ஒரு டீ போடு. ஆத்துக்கு அந்தப் பக்கமும் டீ இல்லாம மண்டை பொளக்குது."

"ஒரு காயை எடுத்து உடைச்சுப் பாருங்க மதினி. ஒரு சொத்தை இருக்காது."

"டீயைப் போடுன்னேன்."

"பால் இல்லை மதினி. கடுங்காப்பி வேணா..."

அன்னக்காமு எழுந்து நின்றாள். "கடுங்காப்பியா? பொங்கலும் அதுவுமா நாத்தனாருக்குக் கடுங்காப்பியா? கைராசி இல்லைன்னுதான் நெனச்சேன். உனக்குக் கையே இல்லையே! இந்தா போறேன். போற வழியில ஒரு வளை விடாம நின்னு சொல்லிட்டுத்தான் போவேன், என் தம்பி வீட்டுல ஒரு வாய் டீக்கு வழியில்லைன்னு."

கத்தரி காய்க்காத சேதி ஆற்றை ஒரு தடவைதான் தாண்டியது. இந்தச் சேதி தாண்டினால் திரும்பவே வராது. பவுனுத்தாய் ஒரு நிமிஷம் கூடையைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் மதினியைப் பார்த்தாள். "கொஞ்சம் உக்காருங்க மதினி, இதோ வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் மஞ்சள் குங்குமமும் எடுத்து வைத்துக்கொண்டு பின்பக்க வேலிக்கு ஓடினாள்.

வேலியோரம் தானாக முளைத்த ஒரு தட்டைப்பயறுச் செடி உண்டு. அதன் நுனியில், பொறிவண்டுகளின் கண்ணில் படாமல் தப்பிய ஒரே ஒரு அசுவினி, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். நிறைமாசம்.

"என்ன இந்தப் பக்கம்?" என்றாள் அசுவினி. "கையில சோப்புத் தண்ணி ஒண்ணும் இல்லையே?"

"இல்லை தாயி."

"உங்க பந்தல்ல ஒரே வேப்பெண்ணெய் நாத்தமாமே? ஒரு முரட்டுப் பையன் வேற குடியிருக்கானாமே?"

"எல்லாத்தையும் கழுவி விட்டுர்றேன். அந்தப் பையனை அவங்க அம்மாகிட்டச் சொல்லி அனுப்பிர்றேன். எண்ணெய்த் துணியையும் இப்பவே அவுத்துர்றேன். சுருளியாண்டி அண்ணனை நானே போய்க் கூட்டிட்டு வர்றேன்."

அசுவினி யோசித்தாள். வளையிலிருந்து அன்னக்காமு செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.

பவுனுத்தாய் தாம்பாளத்தை நீட்டினாள். "நீங்க ஒருத்தி வந்து உக்காந்தாலே போதும் தாயி, மத்தவங்க தானாப் பொறந்துருவாங்க. எரு கூடப் புதுசாப் போட்டுத் தர்றேன். கொஞ்சம் சீக்கிரமா ஏறி, ஒரே ஒரு டீக்கு மட்டும் பால் விடுங்க தாயி, மதினி செருப்பை மாட்டறதுக்குள்ள!"

நீதி: தோட்டத்துப் பூச்சியை விஷமே இல்லாமல் விரட்டலாம், ஆனால் நாத்தனார் டீ குடித்துவிட்டுப் போன பிறகு விரட்டவும்.