குளத்து ஆபீசும் மூன்றுகால் மானும்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. குளத்துக்கு ஓர் ஆபீசும் இருந்தது. எந்த விலங்கு எந்த வேளையில் தண்ணீர் குடிக்கலாம் என்று முறை எழுதிக் கொடுப்பது அந்த ஆபீசின் வேலை. மொத்தம் இருபத்தைந்து நாற்காலிகள். நூற்றுக்கு நான்கு வேலை மாற்றுத்திறன் விலங்குகளுக்கு என்று காட்டில் சட்டம் உண்டு. அந்தக் கணக்கில் ஒரு நாற்காலி அவர்களுக்குச் சேரவேண்டும். அது காலியாக இருந்தது என்று சொன்னால் பொய். அதன்மேல் பழைய கோப்புகள் உட்கார்ந்திருந்தன.

அந்தக் காட்டில் செவந்தி என்று ஒரு மான். குட்டியாக இருந்தபோது கண்ணியில் மாட்டி முன்னங்கால் ஒன்று போய்விட்டது. மூன்று காலை வைத்துக்கொண்டு மந்தையோடு ஓட முடியுமா? மந்தையும்தான் எத்தனை நாளைக்கு நின்று நின்று போகும்? உட்கார்ந்து பார்க்கிற உத்தியோகம் ஒன்று கிடைத்தால்தான் பிழைப்பு. பரீட்சை எழுதித் தேறியும் வைத்திருந்தாள்.

ஏழு வருஷம் விண்ணப்பம் போட்டாள். ஏழு வருஷமும் சூப்பிரண்டு நரி மரியாதையாகத்தான் பதில் சொன்னார். தகுதியானவர் யாரும் கிடைக்காததால் பணியிடம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்படுகிறதாம். தகுதியானவள் நான் எதிரில் நிற்கிறேனே என்று செவந்தி கேட்டால், "ஏம்மா நிக்கிறீங்க, உக்காருங்க" என்பார். உட்கார அங்கே இடம் இருக்காது.

வயது வரம்புக்கு ஒரே வருஷம் மிச்சம் இருந்தபோது செவந்தி வழக்குப் போட்டாள். நீதிபதி யானை எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். முப்பது நாளில் மாற்றுத்திறன் உள்ள ஒருவர் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும், தவறினால் சூப்பிரண்டு கூண்டில் இருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அன்றைக்குச் செவந்தி மூன்று காலில் ஒரு துள்ளு துள்ளினாள்.

ஆபீசில் கூட்டம் போட்டார்கள். நரி தீர்ப்பை நான்கு தடவை படித்துவிட்டுச் சொன்னார்: "வெளியாளத்தான் எடுக்கணும்னு இதுல எங்கயும் இல்லையே. நம்மள்லயே யாருக்காவது ஏதாவது இருக்கான்னு பாருங்கய்யா."

எல்லோரும் பதிவேட்டுக் கரடியைப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருஷமாக வேலை நேரத்தில் அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை. மருத்துவர் கொக்கு வந்து எழுந்திருக்கச் சொன்னார். கரடி எழுந்தார், நாற்காலியும் கூடவே எழுந்தது. ஊனம் அறுபது சதவீதம் என்று கொக்கு கையெழுத்துப் போட்டார். கோப்புகளை இறக்கிவைத்துவிட்டுக் கரடியை அந்த நாற்காலிக்கு மாற்றினார்கள்.

சான்றிதழோடு சலுகையும் வந்தது. கரடிக்கு இனி இடமாற்றம் கிடையாது. ஒரு மணி நேரம் முன்னதாகவே வீட்டுக்குப் போகலாம். மறுநாள் காலையில் மிச்சம் இருபத்து மூன்று பேருக்கும் எங்கேயோ வலித்தது. ஆந்தைக்கு ஆபீசு நேரத்தில் கண் தெரியவில்லை. நரிக்கு மனு கொடுக்க வருகிறவர்கள் பேசுவது மட்டும் காதில் விழவில்லை. கொக்கு ஒற்றைக்காலில் நின்றே பிழைப்பவர். அடுத்தவர் கஷ்டம் அவருக்குப் புரியும். எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தார்.

சட்டம் கேட்டது ஒன்று, ஆபீசு தந்தது இருபத்து நான்கு என்று யானை பாராட்டி வழக்கை முடிக்கப் போனார். செவந்தி எழுந்து, "ஐயா, என் கால்?" என்றாள். நியாயமான கேள்விதான் என்று யானை அவளையும் கொக்கிடம் அனுப்பினார்.

கொக்கு காலைப் பார்க்கவில்லை. பார்வையாளர் பதிவேட்டைப் பார்த்தார். ஏழு வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு தடவை செவந்தி ஆபீசுக்கு வந்து போயிருந்தாள். இவ்வளவு நடந்தவரை நடக்க இயலாதவர் என்று எப்படிச் சொல்வது? முழு உடல்தகுதி என்று சான்றிதழ் ஆனது. அதை வாயில் கவ்விக்கொண்டு செவந்தி வெகுநேரம் குளக்கரையில் நின்றாள். தண்ணீர் குடிக்க அவளுக்கு அன்றைக்கு முறை இல்லை.

இதற்கிடையில் கரடி விட்டுவந்த பழைய நாற்காலி, பொதுப்பிரிவு நாற்காலி, காலியாகி விளம்பரம் வந்தது. முழு உடல்தகுதிச் சான்றிதழ் கட்டாயம். காட்டில் அது கையில் தயாராக இருந்தது ஒருத்தியிடம்தான். செவந்தி வேலையில் சேர்ந்தாள்.

ஆபீசில் ஊனமில்லாத ஒரே ஆள் என்பதால் ஓட்டமெல்லாம் அவள் தலையில் விழுந்தது. கோப்பை எடுத்துவரவும், குளத்தில் இறங்கி நீர்மட்டம் பார்க்கவும், கோர்ட்டுக்குத் தபால் கொண்டுபோகவும் அவள்தான். மற்றவர்கள் பாவம், முடியாதவர்கள்.

மூன்றாம் மாதம் சான்றிதழ் புதுப்பிக்கக் கொக்கு வந்தார். வரிசையில் செவந்தியின் பெயரும் இருந்தது.

"எத்தனை சதவீதம் போடட்டும்மா?"

செவந்தி பழக்கதோஷத்தில் இல்லாத காலைக் காட்டப் போனாள். கொக்கு தடுத்துவிட்டார்.

"அதெல்லாம் எதுக்கும்மா? ஆபீசு அடையாள அட்டை இருக்குல்ல, அதக் காட்டுங்க."

நீதி: ஒதுக்கீட்டில் இடம் வேண்டுவோர் முதலில் உத்தியோகத்தில் சேர்ந்துகொள்ளவும். ஊனத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.