ஒரு தொண்டையும் நாற்பது வாய்களும்

"அமைதி" என்று ஏழாவது முறையாக அவள் கத்தியபோது, பக்கத்து வகுப்பு அமைதியானது. அவளுடைய ஏழாம் வகுப்பு அப்படியேதான் இருந்தது.

பயிற்சி ஆசிரியையாக வந்து அன்று ஐந்தாவது நாள். இன்னும் இரண்டு வாரத்தில் கல்லூரியிலிருந்து மேற்பார்வையாளர் வருவார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை என்று அவர் எழுதிவிட்டால், முழுசாக இன்னொரு வருஷம் படிக்க வேண்டும். அவளோ இருந்த அலுவலக வேலையை விட்டுவிட்டு வந்தவள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மாமியார் முதலிலேயே கெடு வைத்துவிட்டார்.

"ஒரு வருஷம்தாம்மா. அதுக்கு மேல குழந்தை பின்னாடி ஓட என் முழங்காலுக்குத் தெம்பில்ல."

கணக்கு டீச்சர் ஒரு வழி சொன்னார். நீ மூன்று முறை கைதட்டு, பிள்ளைகளும் மூன்று முறை தட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள் என்றார். தட்டினாள். பிள்ளைகளும் தட்டினார்கள். மூன்றோடு நிறுத்த வேண்டும் என்பதுதான் யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்து, யாருக்குப் பாராட்டு விழா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அடுத்து, பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுத ஒரு லீடரை நியமித்தாள். வகுப்பிலேயே பெரிய வாயாடியான ரெட்டைச்சடைக்குப் பதவி கொடுத்தால் அவளாவது அடங்குவாள் என்று கணக்கு. பத்தே நிமிஷத்தில் பாடம் எழுதப் பலகையில் இடமில்லை. பட்டியலின் தலையில் 'டீச்சர்' என்றிருந்தது, பக்கத்தில் நான்கு கோடுகள் வேறு.

"நீங்கதானே டீச்சர் நிறுத்தாம பேசினீங்க" என்றாள் ரெட்டைச்சடை. நியாயமான தீர்ப்புதான்.

கணவர் எங்கிருந்தோ ஒரு குட்டி மைக்கும் ஸ்பீக்கரும் வாங்கி வந்தார். மழை எப்படிப் பெய்கிறது என்ற பாடம் அதன் வழியாகப் பக்கத்து வகுப்புக்கு நன்றாகவே போய்ச் சேர்ந்தது. அங்கே கணக்குப் பரீட்சையில் ஒருத்தன் விடை 'நீராவி' என்று எழுதியிருந்தானாம். அவள் வகுப்பில் செவிடன் காதில் ஊதிய சங்கு.

தொண்டை கம்மத் தொடங்கியது. மாத்திரை, வெந்நீர், வீட்டில் வாயே திறக்காத மௌனம் என்று அதைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றினாள். மருமகளுக்கு ஏதோ கோபம் என்று நினைத்து மாமியாரும் இரண்டு நாள் பேசவில்லை.

பதினேழாம் நாள் காலை வகுப்பில் வாயைத் திறந்தாள். வெறும் காற்று வந்தது. அன்றைக்குத்தான் மேற்பார்வையாளரும் வந்தார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே சாக்கட்டியை எடுத்துக் கேள்வியைப் பலகையில் எழுதினாள். திரும்பினால், நாற்பது வாய்களும் மூடியிருந்தன. கைகள் மட்டும் மேலே. ஒருவனை நோக்கிப் புருவம் உயர்த்தினாள். எழுந்து சரியான விடை சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். ஒரு மேஜையை விரலால் தட்டினாள், ஒரு தவறான விடைக்குத் தலையசைத்துக் காத்திருந்தாள், அதுவே சரியாகித் திரும்பி வந்தது. மணி அடித்தபோது அவள் முதுகு நிமிர்ந்திருந்தது. இவ்வளவு சந்தோஷமாக அவள் எந்த அலுவலகத்திலும் இருந்ததில்லை.

"கத்தாம வகுப்பு நடத்துங்கன்னு இருபது வருஷமா சொல்லிட்டிருக்கேன். நீதாம்மா செஞ்சு காட்டினே" என்று முழு மதிப்பெண் போட்டுவிட்டுப் போனார் மேற்பார்வையாளர்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பலகையில், 'நன்றி. இன்று மட்டும் எப்படி இவ்வளவு அமைதி?' என்று எழுதினாள்.

டஸ்டரோடு வந்த ரெட்டைச்சடை அதைப் படித்துவிட்டுச் சொன்னாள்:

"டீச்சருக்குத் தொண்டை போயிட்டா ஆட்டம் முடிஞ்சுது, அப்புறம் யாரும் பேசக் கூடாது, அதான் ரூல். முன்னாடி பயிற்சிக்கு வந்த டீச்சருங்க எல்லாருக்கும் மூணே நாள்ல போயிடும் டீச்சர், நீங்கதான் பதினேழு நாள் இழுத்தடிச்சிட்டீங்க."