அரண்மனைக்கு ஐம்பது அடி முன்னால்

லண்டன் மாநகரத்தை நடந்தே சுற்றிக்காட்டிய முதல் சேலம் ஜில்லாக்காரன் நான்தான். இதை யாராவது மறுத்தால் அவரோடு வாதாடத் தயாராக இருக்கிறேன். கிழக்கே ஆத்தூர், மேற்கே ஈரோடு, இவற்றைத் தாண்டி நான் ஓர் அடியும் வைத்ததில்லை என்பது உண்மை. ஆனாலும் லண்டனின் சந்துபொந்துகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதினாறு வருஷமாக இங்கிலாந்து சரித்திரம் நடத்துகிறவன் நான். பெயர் அர்த்தநாரி.

1937-ஆம் வருஷம் மே மாதம் லண்டனில் புதுச் சக்கரவர்த்திக்கு முடிசூட்டு விழா. எங்கள் ஊரிலும் 'மகுடாபிஷேக மகோற்சவக் கமிட்டி' என்று ஒன்று கூடியது. தலைவர் பெரிய பண்ணையம் செங்கோட்டையன். பள்ளிக்கூடக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். காலியாகக் கிடந்த ஹெட்மாஸ்டர் நாற்காலி அவருடைய தலையசைப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நானும் அப்படித்தான்.

"வாண வேடிக்கை எல்லா ஊர்லயும் உடுவாங்க. நம்மூர்ல புதுசா என்னங்க செய்யலாம்?" என்றார் தலைவர்.

நான் எழுந்தேன். "லண்டனுக்கே எல்லாரையும் கூட்டிப் போகலாமுங்க."

"அத்தன பேருக்கும் கப்பலுக்கு எங்கீங்க போறது?"

"நடந்தே போகலாமுங்க," என்றேன்.

என் திட்டத்தின் மேதைமையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டன் வரைபடத்தை எங்கள் ஊர்மேல் விரித்துவிட வேண்டியது. ஏரி வாய்க்கால் தேம்ஸ் நதி. மே மாதம் அதில் தண்ணீர் இராது என்பதால் படகு விபத்துக்கு இடமில்லை. மதகு, லண்டன் பாலம். சந்தைப்பேட்டை, பார்லிமெண்டு, இரைச்சலில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கும் பவுண்டுப் பட்டி, ராஜாக்களைப் பிடித்து அடைத்த லண்டன் கோபுரம். அரண்மனைக்கு மட்டும் இடம் சிக்கவில்லை. யோசித்து யோசித்து, தேர்வீதியில் உள்ள தபாலாபீசைத் தேர்ந்தெடுத்தேன். அதன் வாசலில் நிற்கும் சிவப்புத் தபால் பெட்டியில்தான் ஊரிலேயே ராஜகிரீடம் வார்த்திருந்தது.

பாதையெல்லாம் தயார். ஆனால் "நீங்க லண்டன் போயிருக்கீங்களா?" என்று ஒரு குறும்புக்காரன் கேட்டுவிட்டால்? அதனால் போய்வந்த ஓர் ஆளை முன்னால் நடக்கவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஊரில் அப்படி ஒரே ஒருத்தன்தான் இருந்தான். சேரி மாதையன்.

மாதையன் வாலிபத்தில் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துத் துரையிடம் வேலை பார்த்தவன். துரை சீமைக்குத் திரும்பியபோது அவனையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மூன்று வருஷம் அவனுக்கு ஒரே வேலை, காலையும் மாலையும் துரை வீட்டு நாயை நடத்திக்கொண்டு போவது. லண்டனை அவன் அளவுக்கு நடந்து பார்த்தவன் லண்டனிலேயே குறைவு என்பது இப்போது எனக்குப் புரிகிறது. அப்போது அவனைச் சோதிக்கத்தான் தோன்றியது.

"தேம்ஸ் நதி எப்படி இருக்கும், சொல்லு பார்ப்போம்?"

"சேறுங்க சாமி. நாத்தமடிக்கும்."

புத்தகத்தில் அப்படி இல்லை. பாதி மார்க் போட்டேன்.

"அரண்மனை?"

"கம்பி வேலியப் புடிச்சுக்கிட்டுச் சனம் நின்னு பாக்குமுங்க. நானும் நின்னு பாத்தனுங்க. மொறைக்கிறவங்க மொறைப்பாங்க. போன்னு ஒருத்தரும் சொன்னதில்லீங்க."

"சரி, சரி. சுற்றுலாவுக்கு நீதான் முன்னால் நடக்க வேண்டும். என்ன கேட்கிறாய்?"

அவன் தலையைச் சொறிந்தான். துரை இறந்து போனாலும் துரைசானி இன்னும் அவனுக்குக் கடிதம் போடுகிறாள். பதிலை அவன் சொல்லச் சொல்ல நான்தான் இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பேன். அதை எடுத்துக்கொண்டு தேர்வீதி முனையில் வெயிலில் நிற்பான். தபால்காரர் அந்தப் பக்கம் வந்தால் வாங்கிக்கொள்வார்; வராவிட்டால் மறுநாளும் நிற்பான். பொது வீதியில் எவரும் நடக்கலாம் என்று சர்க்கார் உத்தரவு உண்டு. ஐந்தாம் பாரத்துப் பிள்ளைகளுக்கு அந்த உத்தரவை நானே பாடம் நடத்தியிருக்கிறேன், பரீட்சைக்கும் கேட்டிருக்கிறேன். ஆனால் தேர்வீதிக்கு வழக்கம் என்று ஒன்று இருந்தது. அது பரீட்சைக்கு வராது.

"வேற ஒண்ணும் வேண்டாமுங்க சாமி. இந்தவாட்டி தபால என்ற கையாலயே பெட்டில போடோணுமுங்க. இருபது வருசமாச்சு. லண்டன்ல தெனமும் போட்டிருக்கேன், இங்க ஒரு நாளும் போட்டதில்ல."

"இவ்வளவுதானே! அரண்மனை வாசலிலேயே பெட்டி. பாதை அங்கேதான் முடிகிறது," என்றேன், ராஜ்யத்தையே தானம் செய்கிறவன் போல. கடிதத்திலும் அவன் சொன்னபடி ஒரு வரி சேர்த்தேன்: 'இக்கடிதத்தை என் கையாலேயே தபால் பெட்டியில் போடுகிறேன்.' அவன் கேட்காமலே அதற்குக் கீழே ஒரு கோடும் இழுத்தேன்.

நிகழ்ச்சி நிரலை அச்சடித்துத் தலைவரிடம் நீட்டினேன். 'தேம்ஸ், பாலம், கோபுரம், பார்லிமெண்டு, பக்கிங்ஹாம் அரண்மனை. முன்னால் நடப்பவர் லண்டன் மாதையன்.' தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்துக் கையெழுத்திட்டார். ஊர்ப் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை என்பதை நானும் கவனிக்கவில்லை. சரித்திர ஆசிரியனுக்கு உள்ளூர்ப் பூகோளம் எதற்கு?

விழா நாள் காலை. புறப்படும்போது என் மனைவி சௌந்திரம் ஒரு பையைக் கையில் திணித்தாள். "லண்டன் போறவரு அப்படியே சந்தைப்பேட்டைல ஒரு ராத்தல் புளி வாங்கியாங்க." அவளுக்குச் சரித்திர உணர்ச்சி என்றுமே இருந்ததில்லை.

நாற்பது பேர் சேர்ந்தார்கள். துரை கொடுத்த பழைய கோட்டை மாட்டிக்கொண்டு மாதையன் முன்னால் நடந்தான். கோட்டின் உள்பையில் கடிதம் இருந்தது. அடிக்கொரு தரம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

தேம்ஸில் இறங்கி ஏறினோம். கோபுரத்தில் ஓர் எருமை சிறையிருந்தது; அதன் முன்னால் நின்று, தலை வெட்டப்பட்ட ராணிகளைப் பற்றி உருக்கமாகப் பேசினேன். அடுத்து செல்லியம்மாளின் முறுக்குக் கடை. "அன்பர்களே! லண்டனையே சாம்பலாக்கிய மாபெரும் தீ இந்த அடுப்பிலிருந்துதான் கிளம்பியது!"

செல்லியம்மாள் கரண்டியோடு எழுந்தாள். "ஆரு சொன்னா? என்ற அடுப்புல இருந்தா? அணைக்காம ஒரு நாளும் ஊட்டுக்குப் போனதில்லீங்க வாத்தியாரே! ஊர் மேல சத்தியம்!"

கூட்டம் கைதட்டியது. தலைவரே சிரித்தார். ஹெட்மாஸ்டர் நாற்காலி என்னை நோக்கி ஓர் அடி நகர்ந்தது கண்ணுக்கே தெரிந்தது.

தேர்வீதி முனைக்கு வந்தோம். வழக்கமாக நிற்கும் இடத்தில் மாதையன் ஒரு நொடி நின்றான். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் காலை எடுத்து வைக்கப் போனான்.

"ஏனுங்க வாத்தியார்," என்றார் தலைவர். "இவன் எங்க போறான்?"

"அரண்மனைக்குங்க."

"அரண்மன எங்க இருக்குது?"

"தபாலாபீசுங்க."

"தபாலாபீசு எங்க இருக்குது?"

"தேர்வீதிலீங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் மெல்ல, "நீங்கதானுங்களே கையெழுத்துப் போட்டீங்க?" என்றேன்.

"நான் லண்டனுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். தேர்வீதிக்கு இல்ல."

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். மாதையனும் பார்த்தான். அவன் கை கோட்டுப் பைக்குள் இருந்தது. இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் பயந்து ஓடியிருப்பான். நான் சாதாரண மனிதன் அல்ல, படித்தவன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அன்பர்களே! லண்டன் மாநகரின் விசேஷமே மூடுபனிதான். எதிரே நிற்கும் ஆள்கூடத் தெரியாது. இதோ, இறங்கிவிட்டது! இன்று அரண்மனை தெரியாது. சுற்றுலா இத்துடன் இனிதே நிறைவுற்றது!"

சேலத்து மே மாத வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டே எல்லாரும் கைதட்டினார்கள். மூடுபனி பிரமாதம் என்று இரண்டு பேர் பாராட்டினார்கள்.

மாதையன் வீதியைப் பார்த்தபடி நின்றான். ஐம்பது அடி தூரத்தில் சிவப்புப் பெட்டி பளிச்சென்று நின்றது.

"எனக்குத் தெரியுதுங்க சாமி," என்றான்.

கூட்டம் பானகம் குடிக்கப் போய்விட்டது. நாங்கள் இருவர் மட்டும் முனையில் நின்றோம். வெட்கமாக இருந்தது. அவன் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கடிதத்தை எடுத்து, உறையை மெதுவாகப் பிரித்து நீட்டினான்.

"என்ற கையால போடறேன்னு ஒரு வரி இருக்குதுங்களே. அது பொய்யாப் போச்சு. அடிச்சுக் குடுங்க சாமி."

பேனாவை எடுத்து அடித்தேன். அடியில் நானே இழுத்த கோட்டையும் சேர்த்து அடித்தேன்.

"பக்கத்துல உங்க கையெழுத்துப் போடுங்க."

"கடிதத்துக்கு அதெல்லாம் வேண்டாமப்பா."

"பத்தரத்துல அடிச்சா, அடிச்சவங்க கையெழுத்துப் போடோணுமுங்களே? மாதையன் பொய் சொல்லிட்டு அடிச்சான்னு துரைசானி நெனச்சுக்கக் கூடாதுங்க."

போட்டேன். நடு வீதியில் நடந்து போய்ப் பெட்டியில் சேர்த்துவிட்டும் வந்தேன். லண்டனையே பார்த்திராத என்னை ஒருத்தரும் மறிக்கவில்லை.

அடுத்த மாதமே ஹெட்மாஸ்டர் ஆனேன். 'லண்டனை நம் ஊருக்குக் கொண்டுவந்த பேரறிஞர்' என்று கமிட்டியார் வாசித்தளித்த பத்திரம் கண்ணாடி போட்டு என் தலைக்கு மேலே தொங்குகிறது. வருகிறவர்கள் படித்துவிட்டு, "சார் லண்டன்ல எத்தன நாள் இருந்தீங்க?" என்று கேட்கிறார்கள். நான் போனதில்லை என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது என்று லண்டன் போய்ச் சேர்ந்தது ஒன்றே ஒன்றுதான். அடித்த வரிக்குப் பக்கத்தில் நான் போட்ட அந்தக் கையெழுத்து.