இராகுலன் எங்கும் போகவில்லை

பக்கத்து வீட்டுச் சிவபாக்கியம் மாமி கொண்டுவந்து மேசையில் வைத்த பொதியில் கருவாடும் வறுத்த மிளகாய்த்தூளும் இருந்தன. சுற்றிச் சுற்றி டேப் ஒட்டியிருந்தாள். மேலே நீல மையில் மகளின் பெயர். அதன் கீழே லண்டன்.

"வாசம் வெளியில வராது, தம்பி. உடுப்புக்கு நடுவில வையுங்கோ."

"மாமி, நான் எங்க போறன்?"

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல, தம்பி. பயப்பிடாதேங்கோ."

இராகுலன் பல் விளக்கிவிட்டு வந்து கதவைத் திறந்தவன். அன்று கடையைத் தவிர வேறெங்கும் போகிற எண்ணம் அவனுக்கு இல்லை.

மாமி குரலைத் தாழ்த்தினாள். "பேஸ்புக்கை மூடிட்டீங்களாமே."

அது உண்மை. முந்தின ஞாயிற்றுக்கிழமை மூடினான். எல்லாம் ஒரு மெத்தையால் வந்தது. மெத்தை குழிவிழுந்துவிட்டதென்று அவனும் மனைவி தேனுகாவும் படுக்கையறையில் கதைத்தார்கள். விடிந்தால் அவனுடைய போனில் மெத்தை விளம்பரம்.

தேனுகா ஒரு தனியார் மருத்துவமனையில் தாதி. எதையும் வாசித்துவிட்டே பேசுகிறவள். வீட்டுக்குள் கதைப்பது, போகிற இடம், முகம், விரல்ரேகை எல்லாவற்றையும் இந்த நிறுவனங்கள் சேர்த்து விற்கின்றன என்று அவனுக்கு வாசித்துக் காட்டினாள். தன் கணக்குகளை அங்கேயே மூடினாள். இராகுலன் கொதித்துப்போனான். கொதித்தால் அவனால் சும்மா இருக்க முடியாது. 'என் வாழ்க்கை என் சொந்தச் சொத்து' என்று நீண்ட கட்டுரை எழுதி, அதை பேஸ்புக்கிலேயே போட்டான். கிடைத்த லைக்குகளை எண்ணிப் பார்த்துவிட்டு பேஸ்புக், இன்ஸ்டகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் ஒரே மூச்சில் மூடினான். மறியற்சாலையிலிருந்து விடுதலையானவன் போல இருந்தது.

திருகோணமலையில் பேஸ்புக்கை மூடுவதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டென்று அவன் யோசிக்கவில்லை.

தூதரகத்தில் உட்கார்ந்து பேஸ்புக் பார்க்கிறார்கள் என்பது ஊர் நம்பிக்கை. வெளிநாடு போகிறவன் முதலில் பேஸ்புக்கிலிருந்து காணாமல் போவான். கேட்டால் இல்லை என்பான். கண்ணூறு பட்டு விசா நின்றுவிடும் என்ற பயம். பிறகு ஒருநாள் ரொறன்ரோவில் பனிக்குள் நின்று படம் போடுவான்.

ஆகவே இந்த ஊரில், 'இல்லை' என்றால் 'ஓம்'.

மாமி பொதியை வைத்துவிட்டே போனாள்.

இராகுலன் வேலை செய்தது துறைமுகத்தடியில், அலியார் ஹாஜியாரின் மீன்பிடிச் சாமான் கடையில். வலை, கயிறு, மிதவை, எஞ்சின் சாமான். ஹாஜியார் கப்பல்துறை என்ற ஊரில், கண்டி வீதியோரம், ஒரு கிளை திறக்க இருந்தார். அதற்கு மனேஜர் இராகுலன்தான் என்று பெருநாளன்று வட்டிலப்பம் கொடுத்துச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து இராகுலன் அந்தக் கடையை மனதுக்குள் தினமும் திறந்தான். எந்தத் தட்டில் எந்தக் கயிறு என்பதுவரை முடிவு செய்திருந்தான். உலகத்தில் வேறு எதுவும் அவனுக்கு வேண்டாம்.

அன்று கடைக்குள் கால் வைத்ததும் ஹாஜியார் கூப்பிட்டார்.

"போறதெண்டா சந்தோசமாப் போங்க, தம்பி. எனக்குக் கோவமில்ல. ஆனா கிளைய நஸ்ரிக்கிட்டக் குடுக்கத்தான் யோசிக்கன்."

பக்கத்து மேசையில் கூட வேலை செய்யும் நஸ்ரி பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் போகேல்ல, ஹாஜியார். சத்தியமா."

"போன வருசம் இஞ்ச நிண்ட பொடியனும் சத்தியம் பண்ணினவன்தான். எயார்போட்டில நிண்டு போன்ல பண்ணினான்."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் சாவி கைமாறும் என்றார். அதற்குள் தான் போகவில்லை என்று இராகுலன் காட்டவேண்டும்.

அவன் யோசித்தான். மூடினவன் போகிறவன் என்றால், திறந்தவன் போகாதவன். கணக்கு நேராக இருந்தது. தேனுகாவுக்குத்தான் பிடிக்கவில்லை. கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னாள். கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா என்று கேட்டாள். அவன் கேட்கவில்லை.

பழைய கணக்குக்குக் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. புதிய கணக்கு திறந்தான். அது அவனை மனிதன் என்று நம்ப மறுத்தது. முகத்தை இடம், வலம், மேலே, கீழே திருப்பிக் காட்டச் சொன்னது. அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் கேட்டது. இத்தனை வருடமும் அந்த நிறுவனத்துக்குக் கொடுக்காததையெல்லாம் இராகுலன் ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் கொடுத்து முடித்தான். பிறகு கடற்கரைக்கு ஓடிப்போய் தன்னைத் தானே படம் பிடித்து, 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று எழுதிப் போட்டான்.

பின்னால் என்ன நிற்கிறதென்று திரும்பிப் பார்க்கவில்லை. கோதுமை இறக்க வந்த கப்பல் ஒன்று படத்தை நிறைத்துக்கொண்டு நின்றது.

முதல் பின்னூட்டம், நல்ல பயணம் மச்சான். இரண்டாவது, கவனம் மச்சான், கடல் சரியில்லை.

மூதூரிலிருந்து தாய்மாமன் கதிரவேல் போன் எடுத்து அழுதார். பிளேனில் எங்கே வேண்டுமானாலும் போ, கப்பலில் மட்டும் களவாக ஏறாதே என்றார். இராகுலன் நெடுநேரம் ஆறுதல் சொன்னான். மாமா ஒருவழியாகத் தேறி, மூக்கைச் சீறிவிட்டு, அது எந்த நாட்டுக் கப்பல் என்று விசாரித்தார்.

போனையும் படத்தையும் நம்பிப் பிரயோசனமில்லை. நேரில் போகவேண்டும். முகத்தைப் பார்த்தால் நம்புவார்கள். ஹாஜியாரிடம் அரைநாள் லீவு கேட்டான். அவர் தலையை ஆட்டிவிட்டு நஸ்ரியைப் பார்த்தார்.

இராகுலன் வீடு வீடாக ஏறினான். முதல் வீட்டில் திருநீறு பூசினார்கள். இரண்டாவது வீட்டில் காலில் விழ வேண்டாம், இருந்தபடியே ஆசீர்வாதம் என்றார்கள். மூன்றாவது வீட்டுப் படலையில் கை வைத்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. இந்த ஊரில் வெளிநாடு போகிறவர்கள்தான் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்வார்கள். பாதியில் நிறுத்தினால் மற்ற வீடுகள் கோபிக்கும். தொடர்ந்து ஏறினான்.

பஸ் சாரதியாக இருந்து ஓய்வுபெற்ற ஆதம்பாவா காக்காவின் வீட்டில் அவன் பொறுமை இழந்தான். யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னால்தான் எடுபடும் என்று பட்டது.

"காக்கா, எனக்கு மூலவியாதி. டொக்டர் இருந்த இடத்தில கனநேரம் இருக்கக்கூடாது எண்டவர். பிளேனில எப்பிடிப் போறது, சொல்லுங்கோ."

ஆதம்பாவா அவனை இரக்கத்தோடு பார்த்தார். "காலமெல்லாம் பஸ் ஓட்டின ஆளுக்கிட்டயா சொல்றீங்க. எனக்கும் இரிக்கி. நடந்து போற பக்கத்துச் சீட்டாக் கேளுங்க, தம்பி. எழும்பி எழும்பி நடக்கலாம்." உள்ளே போய் ஒரு போத்தல் எண்ணெயும் கொண்டுவந்து கொடுத்தார். பயணத்துக்கு.

அடுத்த ஒழுங்கைக்கு அவனுக்கு முன்பே வியாதி போய்ச் சேர்ந்துவிட்டது. வீடுகளில் அவனுக்காகப் போட்டிருந்த கதிரைகளில் தலையணை இருந்தது.

எல்லோரும் ஏதோ ஒன்று கொடுத்தார்கள். மகனுக்கு, மருமகளுக்கு, கனடாவில் சாஸ்கடூனில் இருக்கும் சகலனுக்கு. வாங்காவிட்டால் மரியாதையில்லை. கை கொள்ளாமல்போக, சந்தையில் சில்லு வைத்த பெரிய பயணப் பெட்டி ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதற்குள் அடைத்தான். பெட்டியும் தானுமாக ஓட்டோவில் வரும்போது பின்னால் மோட்டார் சைக்கிளில் நஸ்ரி. நஸ்ரி ஹோர்ன் அடித்து, மிகவும் அன்பாகக் கை காட்டினான்.

தேனுகா திட்டுவாள் என்று நினைத்தான். அவள் திட்டவில்லை. பொதிகளை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தாள். பாரமானதை ஒரு பக்கமும் இலேசானதை ஒரு பக்கமும் அடுக்கினாள். பெட்டியின் சில்லை உருட்டிப் பார்த்து, நல்ல பெட்டி என்றாள்.

"நீயும் நம்பிட்டியோ?" என்று கேட்டான்.

"நீங்கள் போகமாட்டீங்கள் எண்டு எனக்குத் தெரியும்."

ஊரில் அவனை நம்பிய ஒரே ஒரு ஆள். இராகுலனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை அலுமாரியைக் கிளறிப் பாஸ்போட்டை எடுத்தான். எப்போதோ இந்தியாவுக்குக் கோயில் பார்க்கப் போகவென்று எடுத்து, போகாமலே காலாவதியானது. ஒரு முத்திரைகூட இல்லை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்கு ஓடினான்.

ஜும்மா முடிந்து வந்த ஹாஜியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். கயிறு வாங்க வந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

"புதுசு ஒண்டு வேற எடுத்து வெச்சிருப்பாரு," என்றான் நஸ்ரி.

இராகுலன் பொறுக்கமாட்டாமல் தொடங்கினான். மெத்தையிலிருந்து மூலவியாதிவரை அத்தனையையும் அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னான். தனக்குக் கனடா வேண்டாம், லண்டன் வேண்டாம், கப்பல்துறைதான் வேண்டும் என்றான். நெடுங்கயிறு வாசலோரம், எஞ்சின் சாமான் உள்ளே, மிதவையைக் கண்டி வீதியில் போகிறவன் பார்க்கும்படி கூரையில் தொங்கவிடுவது என்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டினான். பார்த்துக்கொண்டு நின்ற ஒரு மீன்பிடிகாரர் அந்தக் கடை எப்போது திறக்கும் என்று கேட்டார்.

ஹாஜியார் பாஸ்போட்டை மூடினார்.

"போற ஆளுக்கு மிதவைய எங்க தொங்க விடுறதெண்டு யோசின வராது," என்றார். மேசை லாச்சியைத் திறந்து சாவிக் கொத்தை எடுத்து அவன் கையில் வைத்தார். அது குளிர்ந்து, பாரமாக, அருமையாக இருந்தது. யாரோ கை தட்டினார்கள். நஸ்ரி கீழே கிடந்த கயிற்றைச் சுற்றத் தொடங்கினான்.

அப்போதுதான் ஓட்டோவிலிருந்து ஒரு பெண் இறங்கி உள்ளே வந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் விமானம் ஒன்று பறந்தது.

"நான் பரீனா. இராகுலன் அண்ணன் ஆரு? வீடு பூட்டியிருந்திச்சி. பக்கத்து வீட்டம்மாதான் இஞ்ச அனுப்பினவ."

நஸ்ரி எட்டி அட்டையைச் சத்தமாக வாசித்தான். வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் நிலையம்.

ஹாஜியார் சாவிக்காகக் கையை நீட்டினார். இராகுலன் கொடுக்கவில்லை. இந்தப் பெண்ணை அவன் கனவிலும் கண்டதில்லை. அவள் வந்தது இன்னும் நல்லது என்று தோன்றியது. உரிய இடத்திலிருந்தே சாட்சி வந்திருக்கிறது. அவன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"நான்தான் இராகுலன். நீங்களே இவையளுக்குச் சொல்லுங்கோ, தங்கச்சி. நான் எங்கயாவது போறனா?"

"இல்லயே, இவர் எங்கயும் போகல்ல," என்றாள் பரீனா. "தேனுகா அக்காவுக்குத்தான் விசா வந்திரிக்கி. வீட்டுல ரெண்டு பேருட பேஸ்புக்கையும் மூடிவைக்கச் சொல்லி அவவுக்குச் சொன்னதும் நாங்கதான்."